சதுர அடிக்கு எத்தனை பைசா

போனில் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஸ்கொயர் ஃபுட்டுக்கு என்ன ரேட்?" பிம்ப்ளே சௌதாகரில் இருந்து கூப்பிடும் சொசைட்டி செக்ரட்டரியும் கேட்பார், ஹிஞ்ஜவடி ஐ.டி. பூங்காவில் உள்ள அலுவலகத்தின் அட்மின் மேனேஜரும் கேட்பார், ரஹாட்ணியில் கல்யாண லான்ஸ் வைத்திருப்பவரும் கேட்பார். புனேயை ஒட்டிய சாங்வியில் ஒரு புல்வெட்டுக் காண்டிராக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்லாமல் இருப்பது. "சைட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. ரூபாயை வாயில் இருந்து விட்டுவிட்டால், பிறகு அந்தச் சரிவான தோட்டத்தையும் நாற்பது மரத்தையும் பார்த்துவிட்டு ஏற்றிச் சொன்னால், ஏமாற்றுக்காரன் என்று பெயர் வரும்.

எனக்கு ஊர் தர்மபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம். பி.காம். முடித்துவிட்டுத் தாய்மாமன் வீட்டுக்கு வந்தவன். தொழில் கற்றுக்கொடுத்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். தாபோடி ராணுவப் பொறியியல் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த காலத்தில் பிடித்துப்போன ஊர் என்று, பென்ஷன் வாங்கியதும் இங்கேயே தங்கிவிட்டார். சாங்வியில் முன்னாள் ராணுவத்தார் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெருவில் மராத்திக்காரர்களுக்கு அவர் 'ஹவில்தார் சாஹேப்', எனக்கு 'சார்'. எங்கள் ஆபீஸ் என்பது நவி சாங்வியில் ஒரு ஷட்டர் கடை. முன்னால் மேஜை, கம்ப்யூட்டர். பின்னால் பெட்ரோல் வாசனையோடு மோவர்களும் பிரஷ் கட்டர்களும்.

இடம் தொழிலுக்கு வாகானது. முளாவும் பவனாவும் சேரும் மூலையில் இருக்கிறது சாங்வி. 1982-இல் உருவான பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் இது வரும். முளா பாலத்தைத் தாண்டி ஔந்தில் கால் வைத்தால் அது புனே மாநகராட்சி. ஒரு பக்கம் ராணுவ நிலங்களும் கட்கி கன்டோன்மென்டும். இன்னொரு பக்கம் வாகட், ஹிஞ்ஜவடி என்று கண்ணாடிக் கட்டடங்கள். எல்லோரிடமும் புல் இருக்கிறது. அதை வெட்ட எல்லோரும் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள்.

முதலில் அளவு. வரைபடத்தில் 'லான் ஏரியா' என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்பது சாரின் கட்டளை. பில்டர் தந்த வரைபடத்தில் நடைபாதை, நீரூற்று, பிள்ளைகள் விளையாடும் மணல் எல்லாமே பச்சையாக இருக்கும். தள்ளிக்கொண்டு நடக்கும் அளவுச் சக்கரம் ஒன்று எங்களிடம் உண்டு. அதோடு புல்லின் ஓரமாகவே நடக்க வேண்டும். பழைய நில உரிமையாளர்கள் குந்தாவில் பேசுவார்கள்: 33 அடிக்கு 33 அடி, அதாவது 1,089 சதுர அடி ஒரு குந்தா, நாற்பது குந்தா ஓர் ஏக்கர். எனக்கு ஊர்க் கணக்கு சென்ட் என்பதால், ஒரு குந்தா இரண்டரை சென்ட் என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டால் நிலம் கண்ணில் விரியும். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

சக்கரம் தள்ளியபோதுதான், பரப்பைவிட ஓரம்தான் ஆளைத் தின்கிறது என்பது விளங்கியது. நூறடிக்கு நூறடி ஒரு சதுரப் புல்வெளி, 10,000 சதுர அடி. சுற்றளவு 400 அடி. அதே 10,000 சதுர அடியை பத்தடி அகலத்தில் ஆயிரம் அடி நீளத்துக்குச் சாலையோரப் பட்டையாக இழுத்துவிடுங்கள். சுற்றளவு 2,020 அடி. மோவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஓரம் அடிக்கும் நைலான் கயிற்றுக்கு இது ஐந்து மடங்கு வேலை. புல்லுக்கு நடுவில் வட்டம் வட்டமாக மரம் நட்டிருந்தால் ஒவ்வொரு வட்டமும் ஒரு ஓரம். அங்கே நைலானை வேகமாக விட்டால் இளமரத்தின் பட்டை உரிந்துவிடும், ஆகவே மெதுவாக, சில இடங்களில் கையால். இரண்டு இடத்துக்கும் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே விலை சொல்கிறவர் ஒன்றில் தாராளமாகச் சம்பாதிப்பார், மற்றொன்றில் கைக்காசைப் போடுவார். எந்தெந்த இடம் எது என்று தெரியாமலேயே வருடம் ஓடிவிடும்.

சார் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார். "புல்லுக்கு வெல போடாத தம்பி, மணிக்கு வெல போடு."

மணிக்கணக்கு போடுவதற்கு மெஷின் தெரிய வேண்டும். எங்கள் சாதாரண மோவரின் வெட்டகலம் 21 அங்குலம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால், பெருக்கிப் பார்க்க மணிக்கு சுமார் 17,000 சதுர அடி வரும். விற்பனைப் பிரசுரத்தில் வரும் எண் இப்படித்தான் பிறக்கிறது. நிஜத்தில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் கொஞ்சம் ஏறும். திரும்பும் இடத்தில் நேரம் போகும். புல் பையை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். திறந்த மைதானத்தில் 10,000 வந்தால் நல்லது. துண்டு துண்டான சொசைட்டித் தோட்டத்தில் 6,000-த்தைத் தாண்டாது. 42 அங்குல வெட்டகலத்தில், அமர்ந்து ஓட்டும் மெஷினை இரட்டை வேகத்தில் விட்டால் கணக்குக்கு நான்கு மடங்கு. ஆனால் அதை எந்த லிஃப்டில் ஏற்றி ஐந்தாம் தளத்துக்குக் கொண்டுபோவது?

ஐந்தாம் தளம் என்றது வேடிக்கைக்காக இல்லை. இந்தப் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் பாதிப் புல் தரையில் கிடையாது. கார் நிறுத்தும் தளங்களுக்கு மேலே கான்கிரீட் பலகை, அதன் மேல் ஓரடி மண், அதில் புல். போடியம் என்பார்கள். ஓரடி மண் சட்டென்று காயும், மழையில் சட்டென்று ஊறும். கனமான மெஷின் ஏற்றக் கூடாது. வெட்டிய புல்லைக் கோணியில் கட்டி சர்வீஸ் லிஃப்டில் இறக்க வேண்டும்; அதே லிஃப்டில் அன்று யாராவது வீடு மாற்றிக்கொண்டிருப்பார்கள். கொட்டேஷன் எழுதுகிறவன் லிஃப்டையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எந்தப் பட்டப்படிப்பில் சொல்லித்தருகிறார்கள்!

வெட்டிய புல் எங்கே போகும் என்பதும் விலைக்குள் அடங்கும். எரிக்க முடியாது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக்கழிவை எரிப்பதையும் தெருவில் கொட்டுவதையும் தடுக்கின்றன. உரக்குழி உள்ள வளாகத்தில் அங்கேயே போட்டுவிடலாம், நமக்கு மிச்சம். இல்லாத இடத்தில் சோட்டா ஹாத்தி டெம்போவில் ஏற்ற வேண்டும். சில செக்ரட்டரிகள், "குழி இருக்கிறது" என்பார்கள். திறந்து பார்த்தால் அதில் பழைய ஜன்னல் சட்டங்கள் அடுக்கி இருக்கும்.

புல் வெட்டும் மெஷினை 1830-இல் கண்டுபிடித்த எட்வின் பட்டிங், இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷையர்க்காரர். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீராகக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் புனேக்கு வந்து அவர் மெஷினின் பேரப்பிள்ளையைத் தள்ளுகிறேன் என்று சொன்னபோது சார் ஒரு முறை முறைத்துவிட்டு, "பிளேடு தீட்டினியா?" என்றார். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி மறுநாள் வெளுத்துப்போய், தண்ணீர் விடவில்லை என்று தோட்டக்கார மாளியின் தலையில் பழி விழும்.

அடுத்தது புல்லின் சாதி. புனேயில் அதிகம் போடுவது செலக்‌ஷன் ஒன் என்கிற அருகு வகை. வேகமாக வளரும், அடிக்கடி வெட்டச் சொல்லும். மெக்சிகன் என்று நர்சரிக்காரர்கள் விற்பது மெத்தைபோல அடர்ந்து மெதுவாக வளரும். வெட்டு குறைவு, ஆனால் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். உருளி காஞ்சன் பக்கம் சோலாப்பூர் சாலையில் வரிசையாக நர்சரிகள்; புல்லைப் பாய்போல வெட்டிச் சுருட்டித் தருவார்கள். அந்தச் சுருளோடு இலவசமாகக் கோரையும் வரும். காங்கிரஸ் செடி என்று ஊரெல்லாம் சொல்லும் பார்த்தீனியம் இந்தியாவில் பரவியது 1950-களில் இதே புனேயில் இருந்துதான். ஆகவே இந்த ஊரில் களைக்கு எல்லாவற்றையும்விட மூத்த உரிமை உண்டு. களையெடுப்பு சேர்ந்ததா, தனியா என்று கொட்டேஷனில் ஒரு வரி எழுதாவிட்டால், சேர்ந்தது என்றுதான் வாடிக்கையாளர் படிப்பார்.

பிறகு பருவம். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்த விதிக்குக் கட்டுப்பட வாரம் ஒரு வெட்டு. அக்டோபர் வரைக்கும் அப்படி. டிசம்பர், ஜனவரியில் புனே குளிருக்கு அருகு சுருண்டு உறங்கும். மாதம் இரண்டு தடவை போனால் போதும். எல்லாம் கூட்டி வருடத்துக்கு 34 வெட்டு என்று எங்கள் ஏட்டில் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை என்று ஒப்பந்தம் போட்டால், மழையில் நஷ்டப்பட்டுக் குளிரில் ஈடுகட்டுவோம். இதில் ஒரு பொறி உண்டு. ஜூனில் தொடங்கி அக்டோபரில் நம்மை நிறுத்திவிட்டால், கஷ்ட மாதங்கள் நம்முடையவை, சுகமான மாதங்கள் அடுத்தவருடையவை. அதனால் சார் எந்த ஒப்பந்தத்தையும் ஏப்ரலில்தான் தொடங்குவார். நடுவில் முறித்தால் மழைக்கால வெட்டுக்குத் தனி விலை என்று ஒரு நிபந்தனை. சாங்வி, பிம்ப்ளே குரவ் ஆற்றோர இடங்களுக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்ப்போம்: அணையில் தண்ணீர் திறந்து வெள்ளம் ஏறினால், சேறு வாருவது புல்வெட்டில் சேராது. 2024 ஜூலையில் ஆறு சாங்விக்குள் வந்த பிறகு அந்த வரியை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆள் செலவுக்கு வருகிறேன். பி.காம். உபயோகப்பட்ட இடம் இதுதான். கூலி நூறு ரூபாய் என்றால் அது நூறு ரூபாயில் நிற்காது. வைப்பு நிதிக்கு முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமுமாக 13, இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் குறைந்தபட்சம் 8.33. கூட்டினால் 124 ரூபாய் 58 காசு. இதற்கு மேல் விடுப்பு, மழைக்கு மெஷின் நிற்கும் நாள், டெம்போவில் உட்கார்ந்து கழியும் நேரம். சம்பளம் மாதத்துக்கு, வேலை வாங்குவதோ இருபத்திரண்டு நாளில், நாளுக்கு ஏழு மணி. இப்படி வகுத்து வகுத்து, ஓர் ஆளின் ஒரு மணி எங்களுக்கு 125 ரூபாய் என்று ஒரு எண்ணுக்கு வந்தோம். மகாராஷ்டிரத்தில் குறைந்தபட்சக் கூலியின் சிறப்புப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் மாறும். ஏப்ரலில் விலை எழுதுகிறவன் இன்னும் வராத இரண்டு உயர்வுகளையும் ஊகித்து எழுத வேண்டும். வருட ஒப்பந்தத்தில் அந்த எண் அழிக்க முடியாத மசியில் நிற்கும்.

ஒரு கொட்டேஷனை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிம்ப்ளே சௌதாகரில் ஒரு சொசைட்டி. போடியம் புல் 18,000 சதுர அடி, துண்டு துண்டாக. மோவருக்கு ஓர் ஆள், ஓரத்துக்கு ஓர் ஆள், பெருக்கிக் கட்டி இறக்க ஓர் ஆள். அங்கே நான்கு மணி நேரம். ஏற்றி இறக்கிப் போய்வர ஒன்றரை மணி. மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினாறரை ஆள்-மணி, 2,062 ரூபாய். பெட்ரோல், நைலான், பிளேடு, தேய்மானம் 400. டெம்போ 500. மேற்பார்வை, ஆபீஸ், இன்ஷூரன்ஸ் என்று 15 சதவீதம் ஏற்றினால் 3,400-ஐத் தொடும். பிரஷ் கட்டர் வீசும் ஒரு கூழாங்கல் ஒரு கார்க் கண்ணாடியை உடைத்தால் பல வெட்டுகளின் லாபம் போய்விடும், இன்ஷூரன்ஸ் அதற்காக. லாபம் 12 சதவீதம் வைத்தால் ஒரு வெட்டுக்கு 3,808 ரூபாய். 34 வெட்டைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 10,789. சதுர அடிக்கு ஏறக்குறைய 60 பைசா. போனில் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அங்கே போய்ச்சேர இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேடிக்கை என்னவென்றால், அதே 18 சதவீதம் அலுவலகங்களிடம் ஒன்றும் செய்யாது. ஐ.டி. அலுவலகம் நம்மிடம் கட்டிய வரியைத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும். அவர்கள் அடிப்படை விலையை மட்டும்தான் ஒப்பிடுவார்கள். சொசைட்டிக்கு அப்படி இல்லை. உறுப்பினரிடம் வாங்கும் மாதப் பராமரிப்பு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் அவர்கள் ஜி.எஸ்.டி. வசூலிப்பதில்லை, வசூலிக்காதவர்கள் கட்டியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்னக் காண்டிராக்டர் பதிவு செய்யாமலேயே இருக்கலாம். அவர் 60 பைசா சொன்னால் 60 பைசா. நாங்கள் சொன்னால் 71. ஒரே ஆளோடு அலுவலகத்தில் போட்டி போட்டால் ஜெயிப்போம், சொசைட்டியில் தோற்போம். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பணம் எப்போது வரும் என்பதும் விலைதான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரல் முதல் வருமானவரியும் அதோடு கைகோத்தது: அந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடத்தில்தான் வாங்குகிறவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். நல்ல சட்டம். அது வந்த பிறகு, சிறுதொழில் என்று காட்டும் உங்கள் உத்யம் பதிவு எண்ணை பில்லில் போட வேண்டாமே என்று நயமாகக் கேட்ட ஓர் அலுவலகமும் உண்டு. சார் அவர்களுக்கு எண்ணோடுதான் பில் அனுப்பினார். அடுத்த வருடம் கொட்டேஷன் கேட்கவில்லை.

கல்யாண லான்ஸ் தனி உலகம். காலேவாடி, ரஹாட்ணி, வாகட் பக்கம் திறந்தவெளிக் கல்யாண இடங்கள் ஏராளம். பெயர்ப்பலகையிலேயே 'லான்ஸ்' என்று இருக்கும். ஆஷாடி ஏகாதசியில் இருந்து கார்த்திகி ஏகாதசி வரை சாதுர்மாசம், முகூர்த்தம் கிடையாது. அந்த நான்கு மாதமும் மழை, புல் எகிறும், முதலாளிக்கு ஒரு பைசா வரவில்லை. வாராவாரம் வெட்டு என்றால் முகம் சுளிப்பார். துளசி விவாகம் முடிந்து முகூர்த்தம் தொடங்கும்போது பதறிக்கொண்டு கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரம். அதை மோவர் தொடாது. பிரஷ் கட்டரால் இறக்கி, வாரி, இரண்டு மூன்று தவணையாகத் தாழ்த்த வேண்டும். கீழே மஞ்சளாகத்தான் தெரியும், பத்து நாளைக்குப் பச்சை வராது. இந்த முதல் வெட்டுக்குச் சாதாரண வெட்டைப்போல மூன்று மடங்கு என்று நாங்கள் தனி வரி எழுதுகிறோம். பந்தல் கம்பம் நட்ட குழி, டெம்போ சக்கரம் அழுத்திய பள்ளம், சாப்பாட்டு மேஜைக்கடியில் கொட்டிய எண்ணெயால் வட்டமாகச் செத்த புல் எல்லாம் தனித்தனி வரிகள். லான்ஸ் முதலாளிகள் பேரத்தில் சமர்த்தர்கள். ஒருவர், பணத்துக்குப் பதிலாக உன் கல்யாணத்தை இலவசமாக இங்கே நடத்தித் தருகிறேன் என்று எனக்கே ஆசை காட்டினார். அதுவும் ஜனவரி முகூர்த்தத்துக்கு!

மாநகராட்சிப் பூங்கா டெண்டர் இதற்கு நேர் எதிர். அங்கே வாயால் பேரம் இல்லை; மகாராஷ்டிர அரசின் மின்-டெண்டர் தளத்தில் இரண்டு உறை. முதல் உறையில் தகுதி: அனுபவச் சான்று, பதிவுகள், அனாமத்துத் தொகை. அதில் தேறினால்தான் விலை உறை திறக்கும். சதவீத முறை டெண்டரில் மதிப்பீட்டைத் துறையே போட்டுவிடும். அதற்கு எத்தனை சதவீதம் கீழே என்று எழுதுவதுதான் நம் வேலை. அம்ருததுல்யா டீக்கடையில் காண்டிராக்டர்கள் பேசுவது முழுக்க அந்த ஒற்றை எண்தான். "வீஸ் டக்கே கமி", இருபது சதவீதம் குறைவு. ரொம்பக் கீழே இறங்கினால் கூடுதல் காப்புத் தொகை கட்டச் சொல்வார்கள், பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாதென்று. மதிப்பீட்டின் பெரும்பகுதி ஆள்கூலி. கூலியைச் சட்டப்படி குறைக்க முடியாது. அப்புறம் முப்பது சதவீதம் கமி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டேன். "பத்து ஆள் எழுதி ஆறு ஆள் நிப்பாட்றதுலேர்ந்து," என்றார் சார். பூங்காவில் போய் எண்ணிப் பார்க்கும் கண் உள்ளவர்களுக்கு இது ரகசியமில்லை.

பேசிவைத்துக்கொண்டு கேட்பதும் உண்டு. ஒருவர் ஜெயிக்க வேண்டியவர், மற்றவர்கள் அவருக்கு மேலே விலை எழுதிப் போட்டியாளர்போல நடிப்பார்கள். 'சப்போர்ட் டெண்டர்' என்று சர்வசாதாரணமாகப் பெயர். புல்லில் இல்லாவிட்டாலும் குப்பையில் இது இந்த ஊரிலேயே பிடிபட்டிருக்கிறது. புனே மாநகராட்சியின் திடக்கழிவுச் செயலாக்க ஆலைகளுக்கான டெண்டர்களில் சில நிறுவனங்கள் கூடிப் பேசி விலை போட்டதை இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் கண்டறிந்து அபராதம் விதித்தது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு விலையைப் பேசிவைப்பதை மட்டும் தடுக்கவில்லை. இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு என்று சந்தையைப் பிரித்துக்கொள்வதும் அதே பிரிவில் குற்றம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

பேசிவைக்காமல், நேர்மையாகவே ஏலம் கேட்டாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும் அதை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலத்துக்கு ஏலம். கீழே எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு மதிப்பீடு. அதிகம் கேட்டவருக்கு நிலம். அதிகம் கேட்பவர் யார்? மற்ற எல்லோரையும்விட மிகையாக மதிப்பிட்டவர். ஆக, ஜெயித்ததே அவர் தப்பாகக் கணித்ததற்கு அடையாளமாகிவிடுகிறது. வென்றவன் சாபம் என்று பொருளியலில் இதற்குப் பெயர். எங்கள் தொழிலில் குறைவாகக் கேட்டவருக்கு வேலை. அப்படியானால் ஜெயிப்பவர் எதையோ எழுத மறந்தவர்: லிஃப்டை, ஓரத்தை, ஜூலை மாதப் படி உயர்வை. சார் இந்தக் கட்டுரையைப் படித்தவரில்லை. ஆனால் ஏதாவது வேலை மிகச் சுலபமாகக் கிடைத்துவிட்டால் சந்தோஷப்படாமல், அன்று இரவே கணக்குத்தாளைத் திரும்பத் திறக்கச் சொல்வார்.

தோற்றாலும் திறக்கச் சொல்வார். அந்த பிம்ப்ளே சௌதாகர் சொசைட்டிக்கு நாங்கள் சொன்னது 10,789-உம் வரியும். வேலையை எடுத்தவர் 7,200 சொல்லியிருந்தார், வரி இல்லாமல். சதுர அடிக்கு 40 பைசா. ஆகஸ்டில் ஓடிவிடுவார், செக்ரட்டரி மறுபடி நம்மைக் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். வென்றவன் சாபத்தைப் படித்துவிட்டு அதன் மேல் பெரிய நம்பிக்கை எனக்கு. ஆகஸ்ட் போனது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். புல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஓரம்கூடச் சுத்தம்.

சார் என்னை அவருடைய இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னார். விசாரித்ததில் அவருடைய ஆட்கள் அந்தக் குடியிருப்புக்குப் பின்சந்திலேயே குடியிருப்பவர்கள். மெஷினையும் அங்கேயே ஒரு ஷெட்டில் வைத்திருக்கிறார். போய்வரும் ஒன்றரை மணி இல்லை. டெம்போ இல்லை, அடுத்த வளாகத்தின் உரக்குழிக்குத் தள்ளுவண்டியில் போகிறது புல். மூன்று பேர், நான்கு மணி, பன்னிரண்டு ஆள்-மணி, 1,500. மெஷின் 400. அதே 15 சதவீதம், அதே 12 சதவீதம் லாபம் வைத்தும் ஒரு வெட்டு 2,447, மாதத்துக்கு 6,933. அவர் 7,200-க்கு எடுத்ததில் எங்கள் சதவீதத்தைவிட நல்ல லாபம் பார்க்கிறார். எதையும் மறந்தவர் இல்லை அவர். அந்தச் சந்து அவருடையது, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு கல்யாண லான்ஸில் அவரை நேரில் பார்த்தேன். நாந்தேட் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஔந்தில் இருந்து தனக்கு வரும் அழைப்புகளை எங்களுக்குத் திருப்பிவிடுவதாகவும், பிம்ப்ளே சௌதாகர் அழைப்புகளை நாங்கள் அவருக்கு விட்டுவிடலாமே என்றும் டீ குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேருக்கும் டெம்போ செலவு மிச்சம். கடைக்கு வந்து சாரிடம் சொன்னேன்.

"குப்பக் கேசு படிச்சியே, அதுல இன்னா எழுதியிருந்துச்சு?" என்றார்.

பகுதி பிரித்துக்கொள்வது என்று முனகினேன். நாம் இரண்டு பேரும் ஆளுக்கு நாலு மோவர் வைத்திருப்பவர்கள், ஆணையம் நம்மைத் தேடி வரப்போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"வராது. ஆனா செக்ரட்டரி மூணு கொட்டேசன் கேக்கறாரில்ல, அவருக்கு நாம ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுதான் குடுக்கறோம். நம்ம கணக்குக்கு இன்னா வருதோ அத எழுதி அனுப்பு. எடுத்தா எடுக்கறாங்க."

ஆகவே பிம்ப்ளே சௌதாகரில் இருந்து அழைப்பு வந்தால் இப்போதும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஓரத்தை அளக்கிறேன், லிஃப்டைப் பார்க்கிறேன், உரக்குழியின் மூடியைத் திறக்கச் சொல்கிறேன். 60 பைசாவுக்குப் பக்கத்தில் ஒரு விலையை எழுதி, கீழே ஜி.எஸ்.டி. தனி என்று போட்டு அனுப்புகிறேன். பெரும்பாலும் வேலை அவருக்குத்தான் போகிறது. போன வாரம் ஔந்தில் ஒரு பள்ளி மைதானம், திறந்த இடம், ஏழு நிமிடத்தில் டெம்போ போய்விடும். அதற்கு அவரும் விலை கொடுத்திருப்பதாகக் கேள்வி. உறை திங்கட்கிழமை திறக்கிறார்கள்.